வாசகர் கேள்விகள்: வெப்பமண்டல வானில் ஓசோனின் அளவைத் தீர்மானிப்பது எது?

ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது என்று சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்த வாசகர்கள் சிலர், எப்போதும் துருவங்களைப் பற்றியே பேசப்படுகிறதே, நிலநடுக்கோட்டின் இருபுறமும் உள்ள வெப்பமண்டலத்தின் மேல்வானில் ஓசோனின் நிலை என்ன என்று கேட்டிருக்கிறார்கள். கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஏனெனில் வளிமண்டல ஓசோனின் பிறப்பிடம் பெரும்பாலும் அந்தப் பகுதியே. ஒத்த கேள்விகள் ஒன்றாக்கப்பட்டு, இங்கே விடையளிக்கப்படுகின்றன.

கேள்வி: சூரிய ஒளியால்தான் ஓசோன் உருவாகிறது என்று படித்திருக்கிறோம். அப்படியானால் ஆண்டு முழுவதும் வெயில் காயும் வெப்பமண்டலத்தின் மேல்தான் ஓசோன் மிக அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் அங்கேதான் குறைவு என்கிறார்கள். இது எப்படிப் பொருந்தும்?

பதில்: இரண்டும் உண்மை. ஓசோன் அங்கேதான் மிகுதியாக உருவாகிறது. ஆனால் அங்கே தங்குவதில்லை.

தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரை உள்ள ஓசோன் முழுவதையும் திரட்டி, கடல்மட்ட அழுத்தத்திலும் பூச்சியம் பாகை வெப்பநிலையிலும் பரப்பினால் கிடைக்கும் படலத்தின் தடிமனை டாப்சன் அலகால் குறிப்பர். 100 அலகு என்பது 1 மில்லிமீட்டர். நிலநடுக்கோட்டை ஒட்டி இந்த அளவு பெரும்பாலும் 240 முதல் 280 வரை இருக்கிறது. வட துருவத்தை அண்டிய பகுதிகளில், வெயிலே எட்டாத நீண்ட குளிர்காலம் முடிந்த கையோடு, வசந்த காலத்தில் இது 400-ஐயும் தாண்டுவதுண்டு. இந்தப் புதிருக்கு முதலில் விடை தேடியவர்களில் ஒருவர், அந்த அலகுக்குத் தம் பெயரைத் தந்த கார்டன் டாப்சன். வெப்பமண்டலத்தில் மேலேறும் காற்று, ஓசோனைச் சுமந்துகொண்டு துருவங்களை நோக்கிச் சென்று, அங்கே கீழிறங்குகிறது என்று அவர் கருதினார். 1949-இல் ஆலன் புரூவர், ஓசோனின் பெரும்பகுதியைக் கொண்டுள்ள மேலடுக்கான அடுக்கு மண்டலத்தின் காற்று வியப்பூட்டும் அளவுக்கு உலர்ந்திருப்பதைக் கொண்டு அதே முடிவுக்கு வந்தார். வெப்பமண்டலத்தில் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 80 பாகை செல்சியஸ். அந்தக் கடுங்குளிர் வழியாக ஏறும் காற்று தன் ஈரத்தையெல்லாம் உறைபனியாக உதிர்த்துவிட்டுத்தான் மேலே செல்ல முடியும். இவர்கள் இருவர் பெயராலும் இந்தச் சுற்றோட்டம் புரூவர்–டாப்சன் சுற்றோட்டம் எனப்படுகிறது.

இந்த ஏற்றத்தின் வேகம் மிகமிகக் குறைவு: ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 முதல் 30 மீட்டர்தான். கீழிருந்து வரும் காற்றில் ஓசோன் மிகக் குறைவாகவே இருக்கிறது. அது மேலேற ஏற, புற ஊதாக் கதிர் சிறிது சிறிதாக அதில் ஓசோனை உருவாக்குகிறது. 20 கிலோமீட்டர் உயரத்தில் இந்த உருவாக்கமும் மெதுவாகவே நடக்கிறது. ஆகையால் ஓசோன் முழு அளவை எட்டுவதற்குள் காற்று அந்த இடத்தைக் கடந்துவிடுகிறது. குழாயடியில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும் குடம் நிரம்பாததைப் போன்றது இது. ஏற்றம் விரைந்தால் ஓசோன் குறையும், தளர்ந்தால் கூடும். வெப்பமண்டலத்தின் 17 முதல் 27 கிலோமீட்டர் வரையிலான அடுக்கில் ஓசோனின் அளவைப் பெரிதும் ஆள்வது இந்த ஒரே கணக்குத்தான்.

கேள்வி: அப்படியானால் வேதியியலுக்கு அங்கே வேலையே இல்லையா?

பதில்: வேலை உண்டு, ஆனால் அது ஆட்சி செலுத்துவது இன்னும் மேலே. ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு மேல் நிலைமை தலைகீழாகிவிடுகிறது.

அடிப்படை வினைகளை 1930-இல் சிட்னி சாப்மன் வகுத்துத் தந்தார். 242 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர், ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டு அணுக்களாகப் பிளக்கிறது. ஒவ்வோர் அணுவும் வேறோர் ஆக்சிஜன் மூலக்கூறுடன் சேர்ந்து ஓசோனாகிறது. அந்தச் சேர்க்கையில் வெளிப்படும் ஆற்றலை வாங்கிக்கொள்ள மூன்றாவதாக ஒரு மூலக்கூறு உடனிருக்க வேண்டும். ஓசோனும் கதிரை உறிஞ்சிச் சிதைகிறது, ஆனால் பிரிந்த அணு மறுபடி ஆக்சிஜனுடன் சேர்ந்து நொடிகளிலோ நிமிடங்களிலோ ஓசோனாகிவிடுவதால் அது உண்மையான இழப்பாகாது. ஓர் ஆக்சிஜன் அணுவும் ஓர் ஓசோன் மூலக்கூறும் மோதி இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளாக மாறும்போதுதான் கணக்கில் கழிவு ஏற்படுகிறது.

இந்த வினைகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், உண்மையில் இருப்பதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு ஓசோன் இருக்க வேண்டும் என்று வருகிறது. எஞ்சியதை அழிப்பவை வினையூக்கிகள். தான் அழியாமல் ஓசோனை அழித்துக்கொண்டே இருப்பதால், நூறு கோடியில் சில பங்கு என்னும் அளவிலேயே இவை பெருவிளைவை உண்டாக்குகின்றன. 25 முதல் 40 கிலோமீட்டர் வரை நைட்ரஜன் ஆக்சைடுகளும், 40 கிலோமீட்டரை ஒட்டிக் குளோரினும், அதற்கும் மேலே நீராவியிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சில் வகைகளும் முன்னிற்கின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகளின் பங்கைப் பால் குருட்சன் 1970-இல் விளக்கினார். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன்களிலிருந்து விடுபடும் குளோரினைப் பற்றி 1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எச்சரித்தார்கள். மூவருக்கும் 1995-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த வினையூக்கிகளின் மூலப்பொருள்களான நைட்ரஸ் ஆக்சைடு, மீத்தேன், குளோரோஃபுளூரோகார்பன்கள் ஆகியவை உலகில் எங்கே வெளியேறினாலும், மேல்வானுக்குப் பெரும்பாலும் வெப்பமண்டல வாயில் வழியாகவே ஏறுகின்றன. கீழே அவை கலையாமல் நிற்கின்றன. 25, 30 கிலோமீட்டர் உயரத்தை அடைந்த பின்னரே கடும் புற ஊதாக் கதிர் அவற்றை உடைக்கிறது. ஆக, மேலடுக்கின் வேதியியலுக்குத் தேவையான சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதே மெதுவான ஏற்றம்தான். காற்றோட்டத்தையும் வேதியியலையும் இரண்டு தனித்தனிப் பாடங்களாகப் பிரித்துக் கற்பிப்பதால் இந்த உறவு பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது என்பது என் ஆதங்கம்.

எந்த உயரத்தில் எது ஆள்கிறது என்பதை ஓசோனின் ஆயுளைக் கொண்டு அறியலாம். 20 கிலோமீட்டரில், உருவான ஓசோன் பல மாதங்கள் நிலைக்கிறது. அதற்குள் காற்று அதை வேறிடம் கொண்டுபோய்விடும். 30 கிலோமீட்டரில் ஆயுள் சில வாரங்கள். 40 கிலோமீட்டரிலோ ஒரு நாளளவே. காற்று எங்கிருந்து வந்தது என்பதற்கு அங்கே பொருளே இல்லை. அந்த இடத்துக் கதிரின் வலிமை, வெப்பநிலை, வினையூக்கிகளின் அளவு ஆகிய மூன்றுமே ஓசோனைத் தீர்மானிக்கின்றன. பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ பத்து என்ற உச்ச விகிதத்தை ஓசோன் எட்டுவது, இந்த இரண்டு ஆட்சிகளும் சந்திக்கும் 30 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில்தான்.

கேள்வி: காற்று மேலேறுவதற்குக் காரணம் வெப்பம்தானே? நிலநடுக்கோட்டில் சூடு அதிகம் என்பதால் ஏறுகிறது, அவ்வளவுதானே?

பதில்: இடி மேகங்களைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அந்த மேகங்களில் பெரும்பாலானவை 12 முதல் 14 கிலோமீட்டருக்குள் ஓய்ந்துவிடுகின்றன. அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலத்தில், உயரம் செல்லச் செல்ல வெப்பநிலை கூடுவதால், சூடான காற்று தானாக மிதந்து மேலேற வழியில்லை.

அங்கே காற்றை ஏற்றும் ஆற்றல் வெகு தொலைவிலிருந்து வருகிறது. மலைத்தொடர்களும், கடலுக்கும் நிலத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடும் கண்டங்களின் அளவுடைய பேரலைகளை வளிமண்டலத்தில் எழுப்புகின்றன. குளிர்கால அரைக்கோளத்தில் இவை மேல்நோக்கிப் பரவி, அடுக்கு மண்டலத்தில் உடைந்து, அங்கே மேற்கிலிருந்து வீசும் மேலைக் காற்றின் வேகத்தைத் தணிக்கின்றன. வேகம் தணிந்த காற்று துருவத்தை நோக்கி நகர்கிறது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப வெப்பமண்டலத்தில் காற்று மேலே இழுக்கப்படுகிறது. அதாவது, நிலநடுக்கோட்டின் மேல் ஓசோன் எவ்வளவு இருக்கும் என்பதை நடு அகலாங்குகளில் உடையும் அலைகள் முடிவு செய்கின்றன.

மலைகளும் பெருநிலப்பரப்பும் வட அரைக்கோளத்தில் மிகுதியாதலால், அங்குக் குளிர்காலம் நிலவும் மாதங்களில் இந்த இழுவை வலுப்பெறுகிறது. வெப்பமண்டலத்தின் 16 முதல் 19 கிலோமீட்டர் வரையிலான மெல்லிய அடுக்கில், அம்மாதங்களில் உள்ள ஓசோனைப் போல் ஏறத்தாழ இருமடங்கு, வடக்கின் கோடைக்காலத்தில் காணப்படுகிறது. ஏற்றம் தளர்வது ஒரு காரணம். அந்தப் பருவத்தில் ஆசியப் பருவமழையின் மேல் நிலைகொள்ளும் மாபெரும் காற்றுச் சுழலின் ஓரமாக, ஓசோன் செறிந்த வடபுலக் காற்று பக்கவாட்டில் உள்ளே கலப்பது மற்றொரு காரணம்.

கேள்வி: ஆண்டுக்கு ஆண்டு இந்த அளவு மாறுமா?

பதில்: மாறும். அந்த மாற்றங்களுள் மிக விந்தையானது, நிலநடுக்கோட்டு அடுக்கு மண்டலத்தில் ஏறத்தாழ 28 மாதங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப நிகழும் காற்றுத் திசை மாற்றம். 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது அதன் தூசி மேற்கு நோக்கிச் சென்று இரண்டு வாரங்களுக்குள் உலகைச் சுற்றி வந்தது. எனவே அங்கே வீசுவது கிழக்கிலிருந்து வரும் கீழைக் காற்று என்று முடிவு கட்டினார்கள். 1908-இல் ஆர்தர் பெர்சன் கிழக்கு ஆப்பிரிக்காவில் பறக்கவிட்ட பலூன்களோ மேலைக் காற்றைக் காட்டின. இரண்டும் சரியே என்பதும், ஒன்றை மாற்றி ஒன்று மேலிருந்து கீழாக இறங்கி வருகின்றன என்பதும் 1960, 1961 ஆண்டுகளில்தான் புலப்பட்டது. ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை நிகழும் அலைவு என்ற பொருளில், வானிலை ஆய்வாளர்கள் இதைச் சுருக்கமாகக் கியூ.பி.ஓ. என்பர்.

மேலைக் காற்று இறங்கி வரும் கட்டத்தில் அதை ஒட்டிய அடுக்கு சற்று வெப்பமாகி, காற்றின் ஏற்றம் தளர்கிறது. ஓசோன் தேங்கிக் கூடுகிறது. கீழைக் காற்று இறங்கும்போது ஏற்றம் விரைந்து ஓசோன் குறைகிறது. நிலநடுக்கோட்டின் மேல் மொத்த ஓசோன் இதனால் சில விழுக்காடு ஏறியிறங்குகிறது. இதன் ஒழுங்கும் முற்றிலும் உறுதியானதன்று: 2016-இன் தொடக்கத்தில், மேலைக் காற்று வீசிக்கொண்டிருந்த அடுக்கின் நடுவே எதிர்பாராத வகையில் கீழைக் காற்று தோன்றி, அந்த முறை அதுவரை கண்டிராத விதத்தில் குலைந்தது. 2019–20-இலும் அவ்வாறே நேர்ந்தது.

பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் ஏற்றம் வலுப்பெறுவதால் கீழடுக்கில் ஓசோன் குறைகிறது. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் அதன் மொத்த ஒளி 0.1 விழுக்காடு அளவே மாறினாலும், ஆக்சிஜனைப் பிளக்கும் 200 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாக் கதிர் பல விழுக்காடு மாறுகிறது. அதனால் வெப்பமண்டல ஓசோன் 2 முதல் 3 விழுக்காடு வரை கூடிக் குறைகிறது. எரிமலைகளும் தலையிடுகின்றன. 1991 ஜூன் மாதத்தில் பிலிப்பைன்சின் பினடுபோ எரிமலை வெடித்தபோது உருவான கந்தக அமிலத் துகள்கள் கதிர்வீச்சை உறிஞ்சிச் சூடேறி, சுற்றியிருந்த காற்றை மேலே தூக்கின; வெப்பமண்டல ஓசோன் சில மாதங்களிலேயே குறைந்தது. 2022 ஜனவரி 15 அன்று டோங்கா தீவுகளில் கடலடியிலிருந்து வெடித்த ஹுங்கா எரிமலை, வேறு வகையில் வரலாறு காணாதது. அது அடுக்கு மண்டலத்தின் மொத்த நீராவியை ஒரே நாளில் ஏறத்தாழ 10 விழுக்காடு கூட்டியது. ஓசோனை அழிக்கும் ஹைட்ராக்சில் வகைகள் நீராவியிலிருந்தே பிறக்கின்றன என்பதை மேலே பார்த்தோம்.

கேள்வி: இரவில் ஓசோன் இல்லாமல் போய்விடுமா?

பதில்: போகாது. 20, 25 கிலோமீட்டரில் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 50 கிலோமீட்டருக்கு மேலுள்ள இடையடுக்கில் இரவில் ஓசோன் கூடவே செய்கிறது. சிதைக்கும் ஒளி இல்லாதபோது தனி ஆக்சிஜன் அணுக்கள் ஓசோனாகவே சேர்ந்து நிற்பதுதான் காரணம்.

கேள்வி: அன்டார்க்டிக்காவில் இருப்பதைவிடப் பெரிய ஓசோன் துளை வெப்பமண்டலத்தின் மேல் இருப்பதாக 2022-இல் செய்தி வந்ததே. உண்மையா?

பதில்: அப்படி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்ததும், செய்திகளில் பரவியதும் உண்மை. ஆனால் இத்துறையைச் சேர்ந்த வல்லுநர்கள் பலர் அதை வெளிப்படையாக மறுத்தார்கள்; அவர்கள் மறுப்பே சரியென்று கருதுகிறேன். மொத்த ஓசோன் 220 டாப்சன் அலகுக்குக் கீழே செல்வதைத்தான் ஓசோன் துளை என்பது வழக்கம். வெப்பமண்டலத்தில் அத்தகைய இழப்பு எதையும் செயற்கைக்கோள் பதிவுகளோ தரை நிலையங்களோ காட்டவில்லை. அங்கே ஓசோன் குறைவாக இருப்பது இயல்பு. அந்த இயல்பைச் சேதம் என்று எண்ணிவிடக் கூடாது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. துருவத் துளைக்குக் கடுங்குளிர் தேவை. மைனஸ் 78 பாகையை ஒட்டி உருவாகும் மேகத் துகள்களின் மேற்பரப்பில்தான் குளோரின் தீவிர வடிவம் பெறுகிறது. வெப்பமண்டலத்தின் 17 கிலோமீட்டர் உயரத்திலும் அதே குளிர் இருக்கிறதே, அங்கே ஏன் துளை விழவில்லை என்று கேட்கலாம். அந்தக் காற்று அப்போதுதான் கீழிருந்து வந்தது. அதிலுள்ள குளோரோஃபுளூரோகார்பன்கள் இன்னும் உடையவில்லை. எனவே அவற்றின் குளோரின் விடுபடவே இல்லை. துருவத்தின் மேலுள்ள காற்றோ, உயர அடுக்குகளில் சில ஆண்டுகள் சுற்றி, தன் குளோரினை முற்றிலும் விடுவித்துக்கொண்டு அங்கே இறங்கியிருக்கிறது.

கேள்வி: மாண்ட்ரியல் உடன்படிக்கை வெற்றி பெற்றுவிட்டது என்கிறார்கள். இனி வெப்பமண்டல ஓசோனைப் பற்றிக் கவலை இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்த 1987-இல் கையெழுத்தான அந்த உடன்படிக்கை உண்மையிலேயே வெற்றி. வளிமண்டலத்தில் குளோரின் குறைந்து வருகிறது; 40 கிலோமீட்டரை ஒட்டிய அடுக்கில் ஓசோன் 2000-க்குப் பின் தெளிவாக உயர்ந்து வருகிறது. ஆனால் வெப்பமண்டலத்தின் எதிர்காலம் குளோரினோடு முடிந்துவிடவில்லை.

கரியமில வாயு கீழே பூமியைச் சூடாக்குகிறது. அடுக்கு மண்டலத்தையோ குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்றில் ஓசோனை அழிக்கும் வினைகள் மெதுவாகின்றன, ஓசோனை உருவாக்கும் வினை விரைகிறது. ஆகவே மேலடுக்கில் ஓசோன் கூடும். கீழே நடப்பது இதற்கு நேர்மாறு. புவி வெப்பமாகும்போது அலைகள் உடையும் இடங்கள் மாறி, புரூவர்–டாப்சன் சுற்றோட்டம் விரைவடையும் என்று ஏறக்குறைய எல்லாக் காலநிலை மாதிரிகளும் சொல்கின்றன. ஏற்றம் விரைந்தால் வெப்பமண்டலக் கீழடுக்கில் ஓசோன் குறையும் என்பதை முதல் பதிலிலேயே பார்த்தோம். மேலே ஓசோன் பெருகினால் கீழே எட்டும் புற ஊதாக் கதிர் தணிந்து, அங்கே உருவாகும் ஓசோனும் குறையும். இந்தக் காரணங்களால், மற்ற பகுதிகளில் ஓசோன் 1980-ஆம் ஆண்டின் அளவுக்குத் திரும்பி அதைக் கடந்த பின்னரும், வெப்பமண்டலத்தில் மட்டும் இந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மொத்த அளவு மீண்டும் சரியக்கூடும் என்று பசுங்குடில் வாயுக்கள் மிகுந்த எதிர்காலத்துக்கான கணிப்புகள் காட்டுகின்றன.

நைட்ரஸ் ஆக்சைடையும் மறக்க முடியாது. தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடியில் 270 பங்காக இருந்த அது, இப்போது 335-ஐத் தாண்டிவிட்டது; அதன் பெருக்கத்துக்கு முதன்மைக் காரணம் உரமிட்ட மண். மேல்வானில் ஓசோனை அழிக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளின் தாய் இதுவே. ஆயினும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இது இல்லை. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை என்று உறுதியாக நம்புகிறேன்.

சூரியன் உச்சிக்கு நெருங்கி நிற்பதாலும் ஓசோன் இயல்பிலேயே குறைவு என்பதாலும், தரையை எட்டும் புற ஊதாக் கதிர் வெப்பமண்டலத்தில் மிகக் கடுமையானது. மொத்த ஓசோன் ஒரு விழுக்காடு குறைந்தால், தோலைச் சுடும் கதிர் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடும். துருவத்தில் அது சிறிய எண்ணின் மீது கூடுகிறது; இங்கே பெரிய எண்ணின் மீது.

கேள்வி: இவ்வளவு உயரத்தில் உள்ளதை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: பொட்டாசியம் அயோடைடு கரைசலில் காற்றைச் செலுத்தி, அங்கே பிறக்கும் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு ஓசோனைக் கணிக்கும் கருவியைப் பலூனில் கட்டி அனுப்புவது ஒரு முறை, பலூன் 30 கிலோமீட்டரைக் கடந்து வெடிக்கும் வரை தகவல் வந்துகொண்டிருக்கும். சமோவா, நைரோபி, பிரேசிலின் நட்டால் முதலிய வெப்பமண்டல நிலையங்கள் 1998 முதல் ஷடோஸ் என்ற கூட்டமைப்பாக இணைந்து இத்தகைய பலூன்களை அனுப்பி வருகின்றன. 1978-இல் ஏவப்பட்ட நிம்பஸ் 7 தொடங்கி, செயற்கைக்கோள்கள் மொத்த ஓசோனைத் தொடர்ச்சியாக அளந்து வருகின்றன.

ஆனால் வெப்பமண்டலத்துக்கு மொத்த அளவு மட்டும் போதாது. மேலடுக்கில் கூடுவதும் கீழடுக்கில் குறைவதும் ஒன்றையொன்று ஈடுசெய்து, கூட்டுத்தொகை மாறாதது போலத் தோன்றக்கூடும். எனவே ஒவ்வோர் உயரத்திலும் தனித்தனியே அளக்கும் கருவிகள் இன்றியமையாதவை. வளிமண்டலத்தின் விளிம்பைப் பக்கவாட்டில் நோக்கி அவ்வாறு அளப்பவற்றுள் முதன்மையானது, 2004-இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோளில் உள்ள நுண்ணலைக் கருவி. ஆரா தன் திட்டமிட்ட ஆயுளைப் பல ஆண்டுகள் கடந்துவிட்டது. ஓசோனோடு நீராவியையும், நைட்ரஸ் ஆக்சைடையும், குளோரின் சேர்மங்களையும் ஒரே நேரத்தில் இரவும் பகலும் அளந்துவந்த அந்தக் கருவிக்கு ஈடான ஒன்றை, அது ஓயும் முன்பே விண்ணில் நிறுத்தியாக வேண்டும். பதிவில் இடைவெளி விழுந்துவிட்டால், 28 மாதச் சுழற்சியும் எல் நினோவும் எரிமலையும் சேர்ந்து உண்டாக்கும் ஏற்ற இறக்கத்துக்கு நடுவே, பத்தாண்டுக்கு ஓரிரு விழுக்காடு என்னும் மெல்லிய சரிவைப் பிரித்தறிய இயலாமல் போகும்.